உன் காதில் மட்டும் கேட்ட டிலே

எப்போதும் ஒரு ரயில் பிந்தி வரும் என் ஜூட்டுக்கு,

பாட்டு முடிந்துவிட்டது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

நீ இல்லாத இந்த ஒரு வருடத்தில் வெள்ளவத்தை பெரிதாக மாறவில்லை. எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றை வீட்டையும் இடித்துவிட்டார்கள். அங்கே இன்னொரு தொடர்மாடி எழும்புகிறது. முன்பு இரண்டு ரயில்களுக்கு நடுவே பதிவு செய்தோம். இப்போது இரண்டு ரயிலுக்கும் ஒரு கொங்கிரீட் மெஷினுக்கும் நடுவே. கீழ்மாடி ரியூசன் சேர் இன்னமும் ஒலிவாங்கியில்தான் இரசாயனம் படிப்பிக்கிறார். மெத்தையை ஜன்னலில் சாய்த்து வைத்தாலும் அவருடைய பென்சீன் வளையம் உள்ளே வந்துவிடுகிறது.

அம்மா சுகம். இம்தியாஸ் சுகம். அவனுடைய பேஸ் கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறான். நானும் சுகம்தான் என்று இப்போது எழுதலாம். மூன்று கிழமைக்கு முன் எழுதியிருக்க மாட்டேன்.

நமது கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா?

உனக்குக் காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முன்பு. நீ கொட்டாஞ்சேனையில் இருந்து கோட்டை வரை பஸ், அங்கிருந்து ரயில், முதுகில் கிற்றார், கையில் மீன் பற்றிஸ் பை. வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மீன் படாத நாள். அம்மா அந்தப் பையைப் பார்த்த பார்வை. நீ நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இது உங்களுக்கு இல்ல, இம்தியாசுக்கு" என்றாய். இம்தியாஸ் அன்றைக்கு வரவே இல்லை.

நான் உன் கிற்றார் வயரைப் பிடுங்கி நேராகப் பதிவுப் பெட்டியில் செருகினேன். டிலே, ரிவேர்ப் போடும் உன் பெடல்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

"டிலே, ரிவேர்ப் எல்லாம் பிறகு கொம்பியூட்டரில போடுவம். இப்ப உலர் சத்தம் மட்டும் எடுக்கிறன். நனைச்சு எடுத்தா பிறகு காயவைக்க ஏலாது."

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு."

"கௌரி, நீ பிறகு பிறகுங்கற. எனக்கு அது பிறகு வர்ற சாமான் இல்ல. வாசிக்கும்போதே வரணும். இல்லாட்டி உடுப்பில்லாம கோல் ரோட்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

"ஆர் பாக்கினம்?"

"உங்கம்மா பாப்பாங்க."

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நீ அதுவரை கொட்டாவி விடு. டிலே என்றால், நீ ஒரு சுரத்தைத் தட்டுகிறாய், சற்றுப் பொறுத்து அதே சுரம் தானாக இன்னொரு தரம் வருகிறது, பிறகு மெலிந்து இன்னொரு தரம். ரிவேர்ப் என்றால் சுவர்கள் சொல்லும் பதில். குளியலறையில் கைதட்டினால் வருவது சிறிய ரிவேர்ப். பெரிய தேவாலயத்தில் கதிரை விழுந்தால் வருவது பெரிய ரிவேர்ப். கிற்றாரைப் பதிவு செய்யும்போது இவற்றைச் சேர்த்தே எடுக்கலாம். அல்லது வெறும் கிற்றாரை எடுத்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம். சேர்த்து எடுத்தால் பிறகு பிரிக்க முடியாது. ஆகவே என்னைப் போலப் பதிவு செய்கிறவர்கள் பிறகு சேர்ப்பதையே விரும்புவார்கள். வாசிக்கிறவர்கள் விரும்ப மாட்டார்கள். அவ்வளவுதான் சண்டை.

கடைசியில் ஒரு சமாதானம் கண்டோம். உன் ஹெட்போனுக்குள் டிலேயும் ரிவேர்ப்பும் வரும். பதிவாவது உலர் கிற்றார் மட்டும். உனக்கு உடுப்பு, எனக்கு உலர்ச் சத்தம். இரண்டு பேரும் வென்றதாக நினைத்துக்கொண்டோம்.

அது எவ்வளவு பெரிய பிழை என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பிறகு டெங்கு என்றார்கள். ஒரு கிழமை. அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

உன் செத்தவீடு முடிந்து இரண்டு மாதத்தில் என் பழைய கணினியும் நின்றுபோனது. திரை இருண்டு இருண்டு வந்தபோது நான் அவசரமாக ஒலிக் கோப்புகளை மட்டும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றினேன். அவற்றோடு இருந்த செட்டிங் ஒன்றையும் ஏற்றவில்லை. உன் காதுக்குள் அந்தச் சுரம் எவ்வளவு நேரம் பிந்தி வந்தது? எத்தனை தரம் திரும்பி வந்தது? ரிவேர்ப் எவ்வளவு? ஒன்றையும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விரிவுரைக் குறிப்பெடுத்து, பரீட்சைக்கு முதல்நாள் உனக்கும் சேர்த்துப் பிரதி எடுத்துத் தந்தவள் நான்.

மாதக்கணக்காக அந்த டிஸ்க்கைத் தொடவில்லை. பிறகு உன் ஓராண்டுப் பூசை நெருங்கியது. உன் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "நீங்க மூணு பேரும் ஏதோ பாட்டு செஞ்சீங்களே மகள், அது எங்க?"

அன்றைக்குத்தான் உன் உலர் கிற்றாரை முதல் தடவையாகத் தனியே கேட்டேன்.

ஜூட், அதில் நீ பாதிதான் வாசிக்கிறாய்.

இரண்டு சுரம். நிறுத்தம். ஒரு சுரம். நீளமான நிறுத்தம். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல இரண்டு. பாட்டை மறந்துவிட்டவன் போல, வழி தெரியாதவன் போல. எனக்குக் காரணம் உடனே விளங்கியது. டிலே திரும்பக் கொண்டுவரும் சுரத்துக்கு நீ இடம் விட்டு வாசித்திருக்கிறாய். அது வரும், அதன் மேல் மூன்றாவதை வைப்பாய், அதுவும் திரும்பி வரும். நீயும் உன் எதிரொலியும் சேர்ந்துதான் அந்த வாசிப்பு. நான் எடுத்து வைத்திருந்தது உன்னை மட்டும்.

எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கு எப்படி விளங்கும்?

நான் யோசிக்காமல் செய்த இன்னொரு வேலை, அதை அப்படியே மெலனி அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. உன் அக்காவைத் தெரியும்தானே. பதில் எழுத மாட்டார். குரலில்தான் வரும்.

"கௌரி, என்ன இது? அவன் இப்பிடியா வாசிப்பான்? நடுவுல நடுவுல நிக்கிறான். வீட்ல பாத்ரூம் வாசல்ல நின்னு வாசிச்சாலும் இத விட நல்லா வாசிப்பான். இது அம்மாக்குப் போடாத. யாருக்கும் போடாத."

சற்று நேரம் கழித்து இன்னொன்று.

"கோவிக்காத. ஆனா சனம் என்ன சொல்லும் தெரியுமா? பாவம், அவனுக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லும். அவன் வந்து இல்லன்னு சொல்லப்போறதில்ல. சரியா வந்தா பூசைக்குப் பிறகு அம்மாக்குப் போடு. வரல்லன்னா அழிச்சிரு."

அழிச்சிரு. அந்த ஒரு சொல்லோடு நான் இரண்டு கிழமை இருந்தேன்.

முதலில் கணக்கை நம்பினேன். பாட்டின் வேகம் தெரியும், தாளக் கோப்பு இருந்தது. ஒரு தட்டின் முக்கால் பங்கு பிந்தி வரட்டும் என்று பெரும்பாலானவர்கள் வைப்பார்கள். எங்கள் பாட்டுக்கு அது நானூற்று எண்பத்தொன்பது மில்லி செக்கன். வைத்தேன். எதிரொலி சீராக, ஒழுங்காக, இஸ்திரி போட்டதுபோல வந்தது. ஆனால் உன் மூன்றாவது சுரம் வரும் இடத்தில் எல்லாம் இடித்துக்கொண்டது. ஒடுங்கிய வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பதுபோல.

நீ தாளம் பிழைத்திருப்பாயோ? அப்படியும் நினைத்தேன். மன்னித்துக்கொள். ஒரு பின்னேரம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ரிவேர்ப்பால் மூடினேன். உனக்கு அது உயிர் என்றுதானே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தேவாலயத்தில் பத்து வருடம் கிற்றார் வாசித்தவன், பெரிய சத்தத்தில் வளர்ந்தவன் என்று. மிகப் பெரிய மண்டபம் ஒன்றைத் தெரிவு செய்து அதற்குள் உன்னை விட்டேன். இடைவெளிகள் மறைந்தன. நீயும் மறைந்தாய். மெலனி அக்காவின் பதில் நான்கு செக்கனில் முடிந்தது: "இப்ப கெணத்துக்குள்ள இருந்து வாசிக்கிறான்."

அந்தச் சனிக்கிழமை இம்தியாஸ் வந்தான். மாளிகாவத்தையில் இருந்து மோட்டார் சைக்கிளில், பேஸ் கிற்றாரோடு. கேட்டான். மூன்று தரம் கேட்டான். தாடியைத் தடவினான்.

"இந்த எடவெளி எல்லாத்தையும் நான் பேஸால நெரப்புறன். என்னத்துக்கு மண்டய ஒடச்சிக்கொள்ற?"

நிரப்பினான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். பாட்டு ஓடியது, யாருக்கும் ஒன்றும் குறையாது. உன் கிற்றார் மட்டும் பின்னால் யாரோ சும்மா தட்டிப் பார்ப்பதுபோலக் கிடந்தது. இதையே அனுப்பிவிடலாமா என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி ஜன்னல் அதிர, மருதானைப் பக்கம் போகும் ரயில் ஒன்று போனது.

திரையில் கோப்புகளின் பெயர்களை இம்தியாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். கிற்றார். பேஸ். தாளம். என் குரல் இரண்டு. கடைசியாக ஒன்று.

"இந்த 'டோக்' எண்டுறதுல என்ன ஈக்கி?"

"ஜூட் கதைக்கிறது."

அவனுக்குத் தெரியும். நீ வாசிக்கும் நேரமெல்லாம் அறையின் மூலையில் ஒரு சின்ன மைக்கைத் திறந்து வைத்திருப்பேன். நான் சுவருக்கு அந்தப் பக்கம் குசினிக்குள், அடுப்புப் பக்கத்தில், ஹெட்போனோடு இருந்தால் நீ சொல்வது கேட்க வேண்டுமே. 'இன்னொருக்கா', 'நிப்பாட்டு', 'பசிக்குது'. பாட்டுக்குத் தேவையில்லாத கோப்பு. அதையும் பதிவு செய்வது என் பழக்கம். பிறகு அழித்துவிடுவதும் பழக்கம். இதை மட்டும் அழிக்கவில்லை.

"கேட்டியா?"

"இல்லை."

"ஒருக்காவும்?"

"ஒருக்காவும்."

தேநீரைக் குடித்தான். பேஸைப் பையில் வைத்தான். சப்பாத்துக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அவன் ஹெட்போன ஒரு காதுல தானே போடுவான். மத்தது வெளிய பாத்துக்கொண்டு ஈக்கும். வெளிய பாத்தா, அந்த மைக்குக்கும் கேட்டீக்கும்தானே."

அவ்வளவுதான். படி இறங்கிப் போய்விட்டான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் டிலே எங்கேயும் பதிவாகவில்லை என்று ஒரு வருடமாக நம்பியிருந்தேன். அது பதிவாகி இருக்கிறது. நான் திறக்கப் பயந்த ஒரே கோப்பில். உன் வலது காதுக்கு வெளியே தொங்கிய ஹெட்போன் கோப்பையில் இருந்து கசிந்து.

ஏன் பயந்தேன்? உன் போட்டோக்களைப் பார்க்கிறேன். உன் மெசேஜுகளைப் படிக்கிறேன். குரல் வேறு. போட்டோவில் நீ அசைய மாட்டாய் என்று முன்கூட்டியே தெரியும். குரலில் அடுத்தது என்ன சொல்வாய் என்று தெரியாது. முடிந்ததும், இனி ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று தெரியும். அதைத் தாங்க வேண்டும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக் காலை வரை தள்ளிப்போட்டேன். கொங்கிரீட் மெஷின் ஓய்வு. ரியூசன் இல்லை. கோல் ரோட்டில் பஸ்ஸும் குறைவு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மெத்தையை ஜன்னலில் சாய்த்தேன். கதவைப் பூட்டினேன். திறந்தேன்.

முதலில் கதிரை கிரீச்சிட்டது. பிறகு நீ.

"கௌரி, கேக்குதா? கேக்குதான்னா ஏதாவது சொல்லு. சும்மா நான் தனியாப் பேசிட்டு இருக்கேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோப்பில் என் குரல் இல்லை, நான் குசினிக்குள். ஆகவே ஓர் இடைவெளி. பிறகு நீ சிரிக்கிறாய். என்ன சொன்னேன்? தெரியவே போவதில்லை. ஆனால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. அது போதும்.

"அந்த டிலேயக் கொஞ்சம் தள்ளு. இல்ல, சத்தம் இல்ல, நேரம். லேட்டாக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ... கூடிப்போச்சு. திரும்பி வா. அங்க. விடு, விடு, கைய எடு."

இடைவெளி. நான் மறுத்திருக்கிறேன் என்று விளங்கியது. தாளத்துக்குச் சரியாக இல்லை என்று சொல்லியிருப்பேன், வேறென்ன சொல்லியிருப்பேன்.

"தெரியும்டி, கணக்குக்குச் சரி வராது. சரியா வந்தா மெஷின் மாதிரி. கொஞ்சம் லேட்டா வந்தா இன்னொருத்தன் வாசிக்கிற மாதிரி. எனக்கு இன்னொருத்தன் வேணும்."

இன்னொரு இடைவெளி.

"ரிவேர்ப்பக் குறை. என்ன இது, சர்ச்சுக்குள்ள கொண்டுபோய் வுட்டுட்ட. பத்து வருஷம் அங்க வாசிச்சேன் கௌரி, நான் என்ன வாசிக்கிறேன்னு எனக்கே ஒரு நாளும் கேட்டதில்ல. குறை. குறைச்சுட்டு ஒளிச்சு ஒளிச்சுக் கூட்டாத."

இதைக் கேட்டபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், ஜூட். ரிவேர்ப்பை உயிராக விரும்பியது நான். ஒரு வருடமாக என் ஆசையை உன் பெயரில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். உன் கிற்றாரை அந்த மண்டபத்துக்குள் தள்ளியதும் உன் பெயரில்தான்.

பிறகு ஒரு ரயில். நீ அது போகும்வரை பொறுக்கிறாய். கதவு தட்டும் சத்தம். என் அம்மா: "பிள்ளையள், தேத்தண்ணி ஆறுது." நீ: "ஆன்ட்டி, ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்." அம்மா: "உங்கட ரெண்டு நிமிசம் எனக்குத் தெரியும்."

பிறகு, இன்னொரு ரயில் தூரத்தில் தேய்ந்துகொண்டிருக்க, வாசிக்கிறாய்.

மைக்குக்குக் கிற்றாரின் பெரிய சத்தம் கேட்காது. அது வயர் வழியாகப் போய்விடுகிறது. மைக்குக்குக் கேட்பது கம்பியில் நீ விரலிடையே பிடித்த பிளெக்ரம் படும் டிக் என்ற சத்தம் மட்டும். டிக். கூடவே உன் ஹெட்போனின் வெளிக் கோப்பையில் இருந்து நுளம்பின் ரீங்காரம் போல ஒரு சுரம். சற்றுப் பொறுத்து, டிக் இல்லாமல், அந்தச் சுரம் மட்டும் தனியாக இன்னொரு தரம். இம்தியாஸ் சொன்னது சரி.

டிக் விழும் இடத்துக்கும் அந்தத் தனிச் சுரம் விழும் இடத்துக்கும் இடையே திரையில் அளந்தேன். பத்து இடத்தில் அளந்தேன். ஐந்நூற்று முப்பத்தெட்டு. ஒவ்வொரு தரமும் ஐந்நூற்று முப்பத்தெட்டு மில்லி செக்கன். புத்தகக் கணக்கை விட நாற்பத்தொன்பது பிந்தி. ஒருவர் மூச்செடுக்கத் தொடங்கும் அளவுகூட இல்லை. அதற்குத்தான் ஒரு பின்னேரம் முழுக்க உன்னைச் சந்தேகித்தேன்.

உலர் கிற்றாரில் அந்த எண்ணை வைத்தேன். அழுத்தினேன்.

சுரங்கள் எல்லாம் அந்த வாசல் வழியே ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன.

இரண்டு சுரம், அவற்றின் பதில், பதிலின் மேல் மூன்றாவது. நீ நிறுத்திய இடம் ஒவ்வொன்றிலும் யாரோ வாசிக்கிறார்கள், நீ அதைக் கேட்டு அடுத்ததை வைக்கிறாய். ஓர் இடத்தில் மட்டும் நீயும் எதிரொலியும் மோதிக்கொள்கிறீர்கள். பிழையோ என்று மூலைமைக்குக்குத் திரும்பினேன். வாசித்து முடித்த நீ அங்கே சொல்கிறாய்:

"மூணாவது தரம் வர்ற எடத்துல பிழை. நல்ல பிழை. வச்சிரு. ஆன்ட்டி, டீ!"

அதோடு கோப்பு முடிகிறது. உன் கடைசிச் சொல் டீ.

முதல் தரம் உன்னைக் கேட்டேன். இரண்டாம் தரம் கிற்றாரைக் கேட்டேன். மூன்றாம் தரம் அது வேலையாகிவிட்டது. அம்மா கோயிலில் இருந்து வந்தபோது நான் கதவைத் திறந்து, "அம்மா, ஜூட்டின்ர எதிரொலி கிடைச்சிட்டுது" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலோ என்று.

செய்ததைச் சொல்கிறேன். பிழையிருந்தால் கனவில் வந்து ஏசு.

டிலே ஐந்நூற்று முப்பத்தெட்டு. மூன்று தரம் திரும்பி வரும், மூன்றாவது காதைக் கொடுத்தால்தான் கேட்கும். திரும்பி வருபவற்றின் கூர்மையை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மழுக்கினேன். அப்போதுதான் உண்மையான கிற்றார் முன்னால் நிற்கும், மற்றவன் பின்னால் நிற்பான். டிலே முடிந்த பிறகே ரிவேர்ப். அதிலும் தாழ்ந்த சத்தங்களை வெட்டிவிட்டேன், இம்தியாஸின் பேஸ் சேறாகக் கூடாது என்று.

ரிவேர்ப்புக்கு மண்டபம் ஒன்றும் எடுக்கவில்லை. மூலைமைக்கின் பதிவையே மிக மெல்லியதாகக் கிற்றாருக்குக் கீழே கலந்தேன். நீ இருந்த அறை அது. பத்துக்கு எட்டு அடி. ஜன்னலில் மெத்தை. அதை விடச் சரியான சுவர் எந்த மென்பொருளில் கிடைக்கும்? அதில் ரயிலின் வால் கொஞ்சம் கேட்கும். நீ வாசிக்கும்போது தொண்டைக்குள் முனகும் சத்தமும் கேட்கும். அதை எடுக்கலாமா விடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். விட்டேன்.

இம்தியாஸுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தான்.

"நான் நெரப்பினதெல்லாத்தையும் அழிச்சிடு. எனக்கு வெக்கமா ஈக்கி. நாளைக்கு வந்து திருப்பி வாசிக்கிறன்."

வந்தான். முன்பு வாசித்ததில் பாதிச் சுரம்கூட வாசிக்கவில்லை. மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். இதுவரை அவன் வாசித்ததிலேயே நல்ல பேஸ் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை. பூசைக்கு நானும் அம்மாவும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். எல்லோரும் எழும்பும்போது எழும்பி, முழந்தாளிடும்போது என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்துகொண்டோம். சுவாமியார் பேசியதில் பாதி கூரையில் போய்க் கலந்துவிட்டது. நீ சொன்னது சரி. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது.

பிறகு உன் வீட்டு முன்னறை. இருபது பேராவது இருந்திருப்பார்கள். கட்லட், கேக், வடை. நான் கணினியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தேன். அழிச்சிரு என்ற மெலனி அக்கா கட்லட் தட்டோடு அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார். நான்காவது தரம் என்னைத் தாண்டியபோது நின்றார்.

"கொண்டந்தியா?"

"ஓம் அக்கா. நீங்கள் முதல்ல கேளுங்கோ."

"அம்மா கேக்கட்டும். அம்மா முகத்தப் பாத்தா எனக்குத் தெரியும்."

முன்னறையில் கதைச் சத்தம். ஸ்பீக்கரில் போட்டால் எதிரொலி எதுவும் கேட்காது. ஆகவே என் பெரிய ஹெட்போனை மெலனி அக்காவே எடுத்து உன் அம்மாவின் தலையில் மாட்டினார், இரண்டு காதிலும், கொண்டையை ஒதுக்கி. உன் அம்மா கையில் கேக் துண்டோடு நேராக நிமிர்ந்து இருந்தார், இரத்த அழுத்தம் பார்க்க இருப்பதுபோல. நான் அழுத்தினேன்.

அறைக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மாவின் முகம் மட்டும்தான். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். மெலனி அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திடீரென்று உன் அம்மா, ஹெட்போன் போட்டவர்கள் எல்லோரும் கத்துவதுபோல, வீடே அதிரக் கத்தினார்:

"முனகுறான்! மெலனி, இவன் முனகுறான்டி! சோறு திங்கும்போதும் இப்பிடித்தான!"

பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். உன் அம்மாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் உன்னோடு இருந்தார். "ரயில் போகுது" என்று எங்களுக்கெல்லாம் உரத்து அறிவித்தார். கேக்கைக் கடித்தார். தலையை ஆட்டத் தொடங்கினார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமல், "இன்னொருக்கா போடு மகள்" என்று கத்தினார். நான் போட்டேன். மூன்று தரம் போட்டேன்.

அதன் பிறகுதான் மெலனி அக்காவின் முறை வந்தது. அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். வெளியே வர நேரம் எடுத்தது. வந்தபோது ஹெட்போன் கழுத்தில் இருந்தது. எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார், கால்களை நீட்டிக்கொண்டு.

"அன்னைக்கு அனுப்பினதும் இதே வாசிப்பா?"

"ஓம். ஒண்டையும் மாத்தேல்லை. அவனுக்குக் கேட்டதை மட்டும் சேர்த்தனான்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"நின்னுட்டான் நின்னுட்டான்னு சொன்னேனே. அவன் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

நான் தலையாட்டினேன்.

"போடு, கௌரி. எல்லாருக்கும் கேக்கப் போடு. அவன் பேரப் பெருசா போடு." எழும்பும்போது திரும்பிப் பார்த்தார். "முனகுறதையும் எடுத்துடாத."

அவ்வளவுதான் செய்தி. பாட்டு வெளியே போய்விட்டது. யார் கேட்பார்கள், எத்தனை பேர், தெரியாது. யாரும் உனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை. நான் நன்றாக நித்திரை கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வரும் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு பெண் வயலின் வாசிக்க வருகிறாள். இனி என் அறைக்கு யார் வந்து வாசித்தாலும் இரண்டையும் எடுப்பேன்: அவர்கள் வாசிப்பதை ஒரு கோப்பில், அவர்கள் காதில் கேட்பதை இன்னொரு கோப்பில். உலர்ந்ததும் நனைந்ததும். டிலேயின் எண்களைக் கொப்பியிலும் எழுதுவேன். யாராவது டிலேயைத் தள்ளு, லேட்டாக்கு என்று சொன்னால், கணக்குச் சொல்லாமல் தள்ளுவேன்.

உன்னை விட நான்கே மாதம் இளையவள் என்று நீ தங்கையாக்கிக்கொண்ட
கௌரி
வெள்ளவத்தை